சுருக்குப் பையில் இருந்த பவுன்

போன ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். இருக்கன்குடி பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த வாரம் சாத்தூர் ரோட்டுல வண்டி நகராது. நடந்து வர்றவங்க, அக்கினிச்சட்டி எடுத்து வர்றவங்க, மாட்டு வண்டி, வேன் என்று எல்லாமே ஒரே திசையில்தான் போகும். அன்றைக்குக் கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டே எனக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் எழுபது வயசுக்கு மேல இருக்கும் ஒரு பாட்டி வந்தாங்க. கூட நாற்பது வயசு மகன். பட்டாசு வேலைக்குப் போறவர். வலது கண்ணில் தீப்பொறி பட்டு ரெண்டு நாள் ஆச்சு. கண்ணைத் திறக்க முடியல. பார்த்த உடனே புரிஞ்சது, இது நம்ம கிட்ட முடியுற விஷயம் இல்ல, மதுரைக்கு அனுப்பணும். எழுதிக் கொடுத்தேன்.

(இந்த இழை கண்ணைப் பத்தி இல்ல. ஆனாலும் டாக்டரா இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பட்டாசு கண்ணில் பட்டால் தேய்க்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீங்க. அழுத்தாமல் மூடிக்கிட்டு அன்னைக்கே கண் டாக்டரிடம் போங்க. ரெண்டு நாள் என்பது ரொம்பப் பெரிய தாமதம்.)

சீட்டை வாங்கின பாட்டி எழுந்திருக்கல. இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளே வெத்தலைக்கும் பாக்குக்கும் நடுவில் மஞ்சத் துணியில் முடிஞ்சு வச்சிருந்த ஒரு காசை எடுத்து மேசையில் வச்சாங்க.

"அய்யா, நீங்க படிச்சவுக. இது ஒரு பவுனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. எங்க அத்தை எனக்குக் குடுத்தது. இன்னைக்குக் காலையில அடகு வைக்கப் போனேன். நாப்பது மில்லி குறையுது, முத்திரையும் இல்ல, பழைய காசு, முக்காப் பவுன்னு போட்டுத் தாரேங்கான்."

சொல்லும்போது அந்தம்மா குரல் கம்மிருச்சு. பணம் குறையுதுங்கிறதுக்காக மட்டும் இல்ல. மாமியார் தன்னை ஏமாத்திட்டாளோ என்கிற சந்தேகமும் அதுல இருந்தது. அம்பது வருஷமா ஒரு பவுன்னு நம்பிப் பொத்தி வச்சது முக்காப் பவுன்னா யாருக்குத்தான் வலிக்காது?

என்னிடம் தராசு இல்ல, லென்ஸ் இருக்கு. காசை லைட்டுக்குக் கீழே வச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம் தாடி வச்ச ராஜா தலை, ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரை மேல ஒருத்தன், தலையில் கவசம், தோளில் பறக்கிற துணி, கையில் குட்டைக் கத்தி. குதிரைக் காலடியில் இறக்கை வச்ச ஒரு பாம்பு மாதிரி மிருகம். அதுக்குக் கீழே 1918. அந்த வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே, தரைக்கோட்டு நடுவில் தூசி மாதிரி நிமிர்ந்த ஒரு சின்னக் கோடு.

அது கோடு இல்ல. ஆங்கில எழுத்து ஐ. இந்தியா என்பதோட முதல் எழுத்து.

"பாட்டி, இது பவுன்தான். சொல்லப்போனா இதுதான் பவுன். நாம பேசுற பவுனெல்லாம் இதோட நகல்" என்றேன். அவங்களுக்குப் புரியல. அன்னைக்குக் கூட்டத்துல விளக்கவும் நேரமில்ல. அதனால இங்க எழுதுறேன்.

நம்ம ஊரில் தினமும் காலையில் டிவியில் "ஆபரணத் தங்கம் சவரனுக்கு இவ்வளவு உயர்வு" என்று சொல்கிறார்கள். பேச்சில் பவுன் என்கிறோம். ரெண்டும் ஒண்ணுதான், 8 கிராம். ஆனால் ஏன் 8? எடைக்குச் சட்டப்படி கிராம் இருக்கு, பத்துப் பத்தாகப் போகும் கணக்கு இருக்கு. வட இந்தியாவில் தங்கத்தை 10 கிராம் கணக்கில்தான் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் பவுன், கேரளாவில் பவன், இலங்கைத் தமிழர்களிடம் பவுண். இந்த எட்டு எங்கிருந்து வந்தது?

அந்தப் பாட்டி மேசையில் வச்ச காசில் இருந்துதான். இங்கிலாந்தில் ஒரு பவுண்டு மதிப்புக்கு அடித்த தங்கக் காசின் பெயர் சாவரின். பெயரைப் பிடிச்சவங்க சவரன் என்றார்கள், மதிப்பைப் பிடிச்சவங்க பவுன் என்றார்கள்.

காசின் சரியான எடை 7.988 கிராம். அதை நாம முழுசாக்கி 8 என்று வச்சுக்கிட்டோம். அதாவது புத்தம் புதுசா அச்சில் இருந்து விழுந்த அசல் சவரனே நம்ம கடைத் தராசில் 12 மில்லி குறைவாகத்தான் நிற்கும். தாயைப் பார்த்து மகள் அளவுக்கு உயரம் இல்லையே என்று சொல்வது மாதிரி இருக்கு.

சரி, மீதி 28 மில்லி? அது கை பட்டுத் தேய்ந்தது. தங்கக் காசு தேயும் என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரியும். 122.5 கிரெயின், அதாவது சுமார் 7.938 கிராம் வரை தேய்ந்தாலும் அது முழு சவரனாகவே செல்லும் என்று சட்டமே வச்சிருந்தான். பாட்டியின் காசு கடைக்காரர் கணக்குப்படியே 7.96. நூறு வருஷம் கழிச்சும் பாஸ்!

கிரெயின் என்றதும் ஒரு டாக்டர் வேடிக்கை ஞாபகம் வருது. காய்ச்சலுக்கு நாம போடுற பாராசிட்டமால் ஏன் 650? ஆஸ்பிரின் ஏன் 325? ரவுண்டா 600, 300 என்று வச்சிருக்கலாமே? அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர்களும் தங்கத்தை எடை போட்ட அதே கிரெயினில்தான் மருந்தை எடை போட்டார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். அஞ்சு கிரெயின் 325, பத்துக் கிரெயின் 650. கிரெயின் போயிருச்சு, மாத்திரை அளவு மட்டும் நின்னுருச்சு. உங்க வீட்டு மருந்து டப்பாவிலும் நகைப் பெட்டியிலும் ஒரே பழைய எடை உட்கார்ந்திருக்கு.

நம்ம பக்கமும் இதே கதைதான். கழஞ்சு, வராகன் இரண்டும் ஒரு காலத்தில் பொன்னோடு சம்பந்தப்பட்ட சொற்கள். இன்று சித்த மருத்துவச் சுவடிகளில் மருந்துச் சரக்கின் அளவாகத்தான் அவை உயிரோடு இருக்கின்றன. இவ்வளவு வராகனெடை சுக்கு என்று சொல்கிற வைத்தியர் யாரும் வராகனைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார். (எடைக்கு வச்ச குன்றிமணி இன்னும் வேலியில் காய்க்குது. அழகா இருக்கேன்னு பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க. கடிச்சு முழுங்கினா கடுமையான விஷம்.)

வராகனைக் கொஞ்சம் பேசணும், ஏன்னா நம்ம ஊர்த் தங்கக் காசு அதுதான். விஜயநகர அரசர்கள் அடித்தது, சுமார் 3.4 கிராம். அவர்களின் வராக முத்திரையில் இருந்து வந்த பெயர். அவர்கள் போன பிறகு கடற்கரையில் கடை போட்ட டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தங்கக் காசு அடிக்க ஆரம்பித்தபோது தங்கள் ராஜா படத்தையா போட்டார்கள்? இல்லை. நம்ம சாமி படத்தையே போட்டார்கள். பெருமாள் இரண்டு தாயார்களோடு நிற்கிற காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்தது. பக்தி எல்லாம் இல்ல. பழகின படம் இல்லாத காசை சனம் கையில் வாங்காது, அவ்வளவுதான். 1818ல் சென்னை மாகாணத்தில் ரூபாயைக் கணக்குக்கு வச்சு வராகனுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

பழைய படத்தைத் திரும்பக் கொண்டு வந்து நம்பிக்கையை வாங்குவது என்கிற அதே வித்தையைத்தான் லண்டன்காரனும் தன் காசில் செய்தான்.

முதல் சவரன் 1489ல் ஏழாம் ஹென்றி அடிக்கச் சொன்னது. இப்போதைய காசைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். போரில் ஜெயிச்சு அரியணைக்கு வந்தவர் அவர். நான்தான் ராஜா என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை இருந்தது. கொஞ்ச தலைமுறையில் அந்தக் காசு நின்று போனது. நெப்போலியன் போர்கள் முடிந்து பணம் எல்லாம் குழம்பிக் கிடந்த நேரத்தில், 1817ல், இருநூறு வருஷம் தூங்கின பெயரை எழுப்பிப் புதுக் காசுக்கு வைத்தார்கள். எடையும் அளவும் புதிது, பெயர் மட்டும் பழையது.

படம் போட்டவர் இங்கிலாந்துக்காரரே இல்லை. ரோமில் பிறந்த பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி, ரத்தினக் கல்லில் உருவம் வெட்டும் கலைஞர். புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் கதையைக் கிரேக்கச் சிற்பம் மாதிரி வெட்டினார். மற்ற ஊர்க் காசுகளில் எல்லாம் கேடயமும் கிரீடமுமாக இருந்த நேரத்தில் இந்தக் குதிரை துள்ளிக்கொண்டு வந்தது. 1825ல் அதையும் எடுத்துவிட்டு மறுபடி கேடயம் போட்டார்கள். பிறகு 1871ல் திரும்பக் கொண்டு வந்தார்கள். இன்று வரை அந்தக் குதிரை ஓடிக்கொண்டே இருக்கிறது. இடையில் ஆசைக்கு வேறு படம் போட்டாலும் அதற்கே திரும்பி விடுகிறார்கள். 1989ல் சவரனுக்கு 500 வயது ஆனபோது எலிசபெத் ராணியை ஏழாம் ஹென்றி போலவே சிம்மாசனத்தில் உட்கார வைத்து ஒரு காசு. 2017ல் பிஸ்ட்ரூச்சியின் படத்துக்கு 200 வயது ஆனபோது 1817ல் இருந்த அதே சுற்றுப்பட்டையோடு ஒரு காசு.

எங்க அப்பத்தா இந்தக் குதிரைக்காரரை அய்யனார் என்றுதான் நினைத்திருந்தார். குதிரை இருக்கு, ஆயுதம் இருக்கு, ஊரைக் காக்கிறார். வேறென்ன வேணும்? அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க இன்று வரை எனக்கு முடியல.

சரி, இது நம்ம ஊர்ச் சுருக்குப் பைக்குள் எப்படி வந்தது? 1899ல் இங்கிலாந்து சவரன் இந்தியாவிலும் செல்லும், ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்று சட்டம் போட்டார்கள். பருத்தி விற்றவர்கள், வியாபாரம் செய்தவர்கள் கைக்கு அது வர ஆரம்பித்தது. வந்தது திரும்பிப் போகல. நம்ம சனம் அதைச் செலவழிக்கிற பணமாகவே நினைக்கல. வளையம் பற்ற வைத்துக் கழுத்தில் போட்டது, காசு மாலையில் கோத்தது, அடுக்குப் பானையில் உளுந்துக்கு அடியில் புதைத்தது.

எடை மாறாது, மாற்று மாறாது, படம் மாறாது என்று ஆனதும் அது காசாக இருப்பதை விட்டுட்டு எடைக்கல்லாக மாறிவிட்டது. ஆசாரியிடம் அஞ்சு காசைக் கொடுத்து இதுல ஒரு சங்கிலி என்றால் அது அஞ்சு பவுன் சங்கிலி. உரசிப் பார்க்க வேண்டாம், தராசைத் தேட வேண்டாம். சவரன் 22 காரட், 12 பங்கில் 11 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும், அதனால்தான் செம்பு. 11ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள், 0.9167 வரும். கடையில் 916 என்கிறார்களே, அதே மாற்றுதான் அந்த ராஜா தலைக் காசிலும்.

இப்ப அந்த ஐ எழுத்துக்கு வருவோம். சவரனை லண்டனில் மட்டும் அடிக்கல. சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிறகு பிரிட்டோரியா என்று பல ஊர்களில் அடித்தார்கள். எங்கே அடித்தது என்று தெரிய ஒரு சின்ன எழுத்து. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு ரூபாய் நோட்டே 1917 கடைசியில் வந்தது அதனால்தான். தங்கத்தைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பிக் காசாக்கித் திரும்பக் கொண்டு வரலாம் என்றால் கடலில் நீர்மூழ்கிகள். அதனால் பம்பாய் நாணயச் சாலை வளாகத்திலேயே லண்டன் நாணயச் சாலையின் கிளையை 1918ல் திறந்தார்கள். சவரன் எடையிலேயே 15 ரூபாய் மொகர் ஒன்றும் அதே வருஷம் பம்பாயில் அடித்தார்கள்.

ஐ எழுத்துச் சவரன் சுமார் 13 லட்சம். எல்லாவற்றிலும் ஒரே வருஷம், 1918. போர் முடிந்தது, 1919ல் கிளையை மூடிவிட்டார்கள். அதோடு சரி. 1927க்குப் பிறகு சவரன் இந்தியாவில் செல்லும் பணமாகவும் இல்லை.

பணமாகச் செத்த பிறகுதான் அதன் மவுசு கூடியது. ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் போலி சவரன்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். போலி என்றால் பித்தளை இல்லீங்க, நல்ல தங்கத்திலேயே! தங்கத்தின் விலையை விட அந்தப் படத்துக்குச் சந்தையில் விலை அதிகம் இருந்தது, அந்த வித்தியாசம்தான் லாபம். நின்றிருந்த சவரனை 1957ல் லண்டன் மறுபடி அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளும் முக்கியக் காரணம்.

நம்ம ஊரில் அதே காலத்தில் வேறு கூத்து. 1963ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆசாரிகள் பிழைப்பு போனது. சிலர் உயிரையே விட்டார்கள். அந்த 14 காரட் விதியைச் சில வருஷத்தில் கைவிட்டார்கள். 1968ல் அதுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, 1990ல்தான் அது ஒழிந்தது. அந்த வருஷங்களில் யார் வீட்டுக் காசும் வெளிச்சத்துக்கு வரல. நம்ம பாட்டியின் மாமியார் காசைக் கொடுக்கும்போது "யார்ட்டயும் சொல்லாத" என்று சொன்னாராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காலம்தான்.

2013ல் ஒரு விஷயம் நடந்தது, நம்ம ஆட்கள் பெரிசா கவனிக்கல. 1918க்குப் பிறகு முதல் தடவையா இந்தியாவில் மறுபடி சவரன் அடித்தார்கள். லண்டன் நாணயச் சாலையின் உரிமத்தோடு, எம்எம்டிசி-பேம்ப் நிறுவனம் ஹரியானாவில் உள்ள ஆலையில். அதே 7.988 கிராம், அதே 22 காரட், அதே பிஸ்ட்ரூச்சி குதிரை. 95 வருஷம் கழித்து அதே ஐ எழுத்தும் திரும்ப வந்தது. ஒரு பக்கம் எலிசபெத் ராணி. விடுதலை அடைந்து இத்தனை வருஷம் கழித்து இங்கிலாந்து ராணி தலை போட்ட காசை இந்தியாவில் அடித்து இந்தியர்களுக்கே விற்பது எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பெருமாள் படம் போட்டுக் காசு அடித்த கம்பெனிக்காரன் ஞாபகம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

2015 நவம்பரில் அரசாங்கமே ஒரு தங்கக் காசு கொண்டு வந்தது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி, 24 காரட். நல்ல காசுதான். ஆனால் 5 கிராம், 10 கிராம் என்று வந்தது. 8 கிராம் இல்ல. நம்ம ஊர் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்க, "அது எத்தனை பவுன்?" என்றுதான் கேப்பாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்களும் அப்படித்தான் கேக்குறாங்க. எத்தனை பவுன் போடுவீங்க என்று. அந்தக் கேள்வியால் தூக்கம் போய், ரத்த அழுத்தம் ஏறி என்னிடம் வந்த அப்பாக்கள் கணக்கு எனக்குத்தான் தெரியும். கண்ணால் பார்த்தே இராத ஒரு காசில் நம்ம பொண்ணுங்களை எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாட்டி விஷயத்துக்கு வரேன். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருத்தரிடம் அனுப்பினேன். அவர் காசை உரசவும் இல்ல, ராவவும் இல்ல, அதைத்தான் முதலில் சொல்லி அனுப்பினேன். 7.96 கிராம். அகலம் 22 மில்லிமீட்டர், சரி. மாற்று பார்க்கும் மெஷினில் வைத்தார்கள், 22 காரட் சரி. வளையம் பற்ற வைத்த தழும்பு எங்கேயும் இல்ல. கடைக்காரர் போட்ட முக்கால் பவுன் கணக்கில் குறைந்தது ஏறக்குறைய ரெண்டு கிராம் தங்கம். ஹால்மார்க் முத்திரை இல்லை என்றாராம். அந்த முத்திரை நகைக்கு வந்தது நேற்று. 1918 காசில் அதைத் தேடினால் எப்படி? உங்க வீட்டில் இந்த மாதிரி காசு இருந்தால் உருக்குவதற்கு முன்னால் லென்ஸ் வைத்து ஒரு தடவை பாருங்க. விளக்கிப் பளபளப்பாக்காதீங்க. சேகரிப்பவர்களிடம் காட்டுங்க, தங்கத்தின் விலைக்குக் கீழே கொடுக்காதீங்க.

கடைசியில் அடகு வைக்கத் தேவையே வரல. மதுரையில் சிகிச்சை அரசுச் செலவில் முடிந்தது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்து வீட்டில் கைமாத்து. மகனுக்குப் பார்வை முழுசா வரல. ஆனாலும் அந்தக் கண்ணால் இப்ப என் போர்டில் பெரிய எழுத்துகளைப் படிக்கிறார்.

தை மாசம் பாட்டி வந்தாங்க. கையில் வெள்ளிக் கண்மலர், கடையில் வாங்கினது. கண்ணுக்கு நேர்ந்துக்கிட்டால் இருக்கன்குடி அம்மனுக்கு அதைத்தான் போடுவாங்க, தெரியும்ல. அர்ஜுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் இருக்கிற கோயிலுக்கு அப்படித்தான் காலங்காலமா பொன்னும் வெள்ளியும் வருது. சுருக்குப் பையைத் தொட்டுக் காட்டி, "இதையும் போட்டுறலாமான்னு ரோசனையா இருக்கு. போட்டா என்னாகும்?" என்றார்கள்.

தெரிஞ்சதைச் சொன்னேன். கோயிலுக்கு வந்து பயன்படாமல் இருக்கிற பொன்னைப் பிரித்து, உருக்கி, கட்டியாக்கி, பேங்குல வைத்து வட்டியைக் கோயிலுக்குச் செலவு செய்யும் திட்டத்தை 2021 அக்டோபர் 13ல் மூணு கோயில்களில் ஆரம்பித்தார்கள். திருவேற்காடு, சமயபுரம், நம்ம இருக்கன்குடி. பிறகு பல கோயில்கள் சேர்ந்து, 2025ல் 21 கோயில், ஆயிரம் கிலோவுக்கு மேல் என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். உருக்குவது மும்பையில், அரசாங்க நாணயச் சாலையில்.

"மும்பைன்னா?"

"பழைய பம்பாய்தான் பாட்டி. உங்க காசு அடிச்ச ஊரு. அந்த ஐ எழுத்து போட்ட இடம்."

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப பிறந்த வீட்டுக்கே போயி உருகணும்ங்கீக" என்று சிரிச்சாங்க. மஞ்சத் துணியை அவிழ்த்து, "அந்த எழுத்த இன்னொரு தடவ காமிங்க" என்றார்கள். லென்ஸைக் கையில் கொடுத்தேன். கண்புரை இருக்கு, சரியாத் தெரியல. மகன் குனிஞ்சு பார்த்தார், நல்ல கண்ணை மூடிக்கிட்டு, மதுரையில் காப்பாத்தின கண்ணால்.

"குதிரக் காலுக்குக் கீழ ஒரு கோடு மாதிரி இருக்கும்மா" என்றார்.

பாட்டி காசை வாங்கி முடிஞ்சு பைக்குள் போட்டுக்கொண்டு, கண்மலரை மட்டும் கையில் பிடித்தபடி கோயிலுக்குக் கிளம்பினாங்க. புரை ஆபரேஷனுக்கு என்னைக்கு வரணும் என்று வாசலில் நின்று கேட்டுட்டுத்தான் போனாங்க.